ஓட்றி ஓடும்போது மட்டும்

றெக்ஸ் காரை ஓடினால் அதில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய மனைவி ஓட்றி ஓடினால்தான் அது இடப்பக்கம் இழுத்தது. சின்ன உப்போடையில் இருந்த அவர்களுடைய வீட்டில் இரண்டு கிழமையாக இதுதான் பேச்சு.

வெள்ளை நிறத்து ஜப்பான் கார் அது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. றெக்ஸ் தச்சுவேலைக்காரன், வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு கதவு, ஜன்னல், கோயிலில் உட்காரும் வாங்கு என்று கேட்டதெல்லாம் செய்துகொடுப்பான். மரத்தில் பழகிய கை இரும்புக்கும் பயப்படவில்லை. எஞ்சின் ஒயில் மாற்றுவது, பிளக் கழற்றித் துடைப்பது, பற்றரிக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அவனே. கராஜ்காரர்கள் அந்தக் காரின் பொனட்டைத் திறந்து பார்த்தது மிகக் குறைவு. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓட்றிக்கு லைசன்ஸ் கிடைத்தது போன வருடம்தான். கலியாண உடுப்புத் தைப்பதில் அவளுக்கு நகரத்தில் நல்ல பெயர். வவுணதீவுக்கு அப்பால் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தில் தையல் படிப்பிக்க வரச்சொல்லிக் கேட்டார்கள். பஸ் இருந்தது. ஆனால் துணிக்கட்டும் கத்திரியும் காகித வெட்டும் சில நாட்களில் தையல் மெஷினின் தலையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக ஏலாது. ஆகவே கார் ஓடப் பழகினாள். பழகிய பிறகு, இவ்வளவு நாளும் ஏன் பழகாமல் இருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"றெக்ஸ், கார் இடப்பக்கம் கிறுகுது," என்று முதலில் சொன்னபோது அவன் இழைப்புளியை நிறுத்தவில்லை.

"றோட்டுச் சரிவு. அங்கால றோட்டெல்லாம் ஓரம் இறங்கித்தான் கிடக்கு."

"சரிவெண்டா தொடக்கத்திலயே கிறுகணுமே. இது வவுணதீவு தாண்டின பொறகுதான். மறுகா ஒரு மணமும் வருது."

"என்ன மணம்?"

"அயன் பண்ணக்குள்ள பெட்டியச் சீலையில வெச்சிட்டு மறந்தா வருமே, அந்த மணம்."

அன்று பின்னேரம் றெக்ஸ் காரை எடுத்துக்கொண்டு மரம் வாங்கும் மரக்காலை வரை போய், கோட்டையடியால் சுற்றி வந்தான். நேர் றோட்டில் ஸ்டியறிங்கிலிருந்து கையை எடுத்தும் பார்த்தான். கார் நூல் பிடித்த மாதிரி நேரே போயிற்று. பிரேக் பிடித்தான், நின்றது. மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். யாரோ வீட்டில் கருவாடு பொரிக்கும் மணம்தான் வந்தது.

என்றாலும் மனைவி சொன்னதற்காக வீட்டு வளவில் நிறுத்தி எல்லாம் பார்த்தான். பிரேக் ஒயில் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. ரயர்களில் காற்று ஒரே அளவு. முன்சில்லு இரண்டையும் கழற்றினான். பிரேக் பாட் இரண்டு பக்கமும் இன்னும் ஒரு வருடம் தாங்கும் தடிப்பில் இருந்தது. டிஸ்க்கில் விரலை ஓட்டினான், கீறல் இல்லை. சில்லைப் பூட்டிச் சுற்றிவிட்டான், ராட்டினம்போலச் சுற்றியது.

காரில் பிழை இல்லையென்றால் ஓடுகிறவரில்தான் பிழை. அவனுக்கு அப்படித்தான் கணக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லியும்விட்டான்.

"நீ பிரேக்கில காலை வெச்சுக்கொண்டே ஓடுறாய் போல. புதுசா ஓடுறவங்க அப்பிடித்தான். தங்களுக்கே தெரியாது."

ஓட்றி அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பிட்டை வைத்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வகுப்பு நாளில் றெக்ஸ் கொட்டிலிலிருந்து வந்து பார்த்தபோது கார் வளவில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது, ஓட்றி இல்லை. துணிக்கட்டையும் கத்திரியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போயிருந்தாள். பின்னேரம் அவள் வந்தபோது தோளில் பைப்பட்டி அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது. அவள் கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது வழக்கம்போலக் கோயில் பாட்டொன்றை மெல்லப் பாடினாள். கார் என்ற சொல் மட்டும் அவளுடைய வாயில் வரவில்லை. அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று றெக்ஸுக்குப் பட்டது.

சனிக்கிழமை காலையில் அவன் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வா ஓட்றி. நீ ஓடு. நான் பக்கத்தில இரிக்கிறன்."

"என்ட காலைப் பாக்கவா?"

"ஓம். காலைப் பாக்கத்தான்."

"அப்ப செருப்பக் கழட்டிட்டே ஓடுறன். நல்லா வடிவாப் பாருங்க."

றெக்ஸ் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். தன்னுடைய காரில் அந்த இருக்கையில் அவன் உட்கார்வது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த உடனேயே ஏதோ கம்பி இடுப்பில் குத்தியது.

"என்ன இது, சீற்றுக்குள்ள இருந்து குத்துது?"

"சுருள்கம்பி. எத்தின தரம் சொல்லியிரிக்கிறன். றோட்டுக் குழியெண்டு சொன்னீங்க."

அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

ஓட்றி பதற்றமில்லாமல் ஓடினாள். கியர் மாற்றும்போது கார் குலுங்கவில்லை. வலையிறவுப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் வாவி திறந்தது. அந்தப் பாலத்தால் அவன் எத்தனையோ தரம் போயிருக்கிறான். ஆனால் எப்போதும் முன்னால் போகும் லொறியின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறான். இப்போது ஒரு தோணியில் நின்று ஒருவன் வலை வீசுவதையும், வலை காற்றில் வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுவதையும், தடிகளின் மேல் நீர்க்காகங்கள் இறக்கை விரித்துக் காய்வதையும் முழுதாகப் பார்க்க முடிந்தது. நண்டுக்கூடு போடும் இன்னொரு தோணி கண்டல் மரங்களுக்குள் நுழைந்து மறைந்தது. பாலம் முடிந்த பிறகுதான் தான் எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்து சட்டென்று கீழே பார்த்தான்.

ஓட்றியின் வெறுங்கால் பிரேக்கிலிருந்து நன்றாக விலகி, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

வவுணதீவு தாண்டியது. வயல்கள் வந்தன. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. றோட்டு நேராகவும் ஆளில்லாமலும் கிடந்தது.

"இப்பத் தொடங்கும்," என்றாள் ஓட்றி.

றெக்ஸ் அவளுடைய கைகளைப் பார்த்தான். நேர் றோட்டில் அவள் ஸ்டியறிங்கை ஒரு விரலளவு வலப்பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டியதும் கார் மெல்ல ஓரத்தை நோக்கி ஒதுங்கியது. பிறகு மணம் வந்தது. அவள் சொன்னது சரிதான். சீலை கருகும் மணம்.

"பிரேக் பிடியாத. கியரை எடுத்திட்டு விடு, தானா நிக்கட்டும்."

ஓட்றி அப்படியே செய்தாள். உருண்டு உருண்டு போய் நிற்க வேண்டிய கார், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரிச் சுருக்காக நின்றுவிட்டது.

றெக்ஸ் இறங்கி ஒவ்வொரு சில்லாகக் கை வைத்துப் பார்த்தான். பின்சில்லு இரண்டும் இளஞ்சூடு. முன்பக்கம் வலது, அதுவும் அப்படித்தான். இடதுக்குக் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. ஒரு சாண் தூரத்திலேயே அடுப்பு வெக்கை அடித்தது. போத்தலிலிருந்து ஒரு துளி தண்ணீரைச் சில்லு நட்டின் மேல் விட்டான். சுர்ரென்று ஆவியாகிப் போயிற்று.

அவன் நிமிர்ந்து நின்றான். ஓட்றி கதவில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ட காலில பிழையில்ல, ஓட்றி."

"அது என்ட காலுக்கு முந்தியே தெரியும்."

சொல்லும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு ஏறுவதை அவளால் மறைக்க முடியவில்லை. அதைப் பார்த்ததும் றெக்ஸுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு கிழமையாக வீட்டுக்குள் கிடந்த ஒரு பாரம் அந்த வயல்றோட்டில் இறங்கிவிட்டது.

வயல்வட்டைக்குள் நெல் வெட்டுமெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரம்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான மனிதர் ஒருவர் காரைக் கண்டு, தண்ணீர்க் கேனோடு விறுவிறுவென்று வந்தார். அந்த வயலின் சொந்தக்காரர். கந்தப்போடி என்று பெயர் சொன்னார். வந்த வேகத்தில் கேனைச் சில்லின் மேல் சாய்க்கப் போனார்.

"ஊத்தாதீங்க அண்ணன்!" றெக்ஸ் ஓடிப்போய் கேனைப் பிடித்தான். "சூட்டோட தண்ணி பட்டா இரும்பு வளைஞ்சிரும். தானா ஆறட்டும்."

"அப்ப குடிங்க," என்று கந்தப்போடி கேனை அவனிடமே கொடுத்தார். "வெயிலுக்க நிக்காம இஞ்சால வாங்க, தங்கச்சி. மருதுக்குக் கீழ நல்ல நிழல்."

நிழலில் உட்கார்ந்ததும் அவர் வரம்போரத்தில் வைத்திருந்த வெள்ளரிப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து பிளந்தார். பழுத்து வெடித்த பழம். அரிசிமா மாதிரி உதிர்ந்தது. சாப்பிடும்போதே அவர் ஓட்றியை உற்றுப் பார்த்தார்.

"தையல் படிப்பிக்கிற தங்கச்சி நீங்கதானே? என்ட மருமகள் கம்சாயினி உங்களிட்டத்தான் வாறா."

"ஓம், ஓம். நல்லாத் தைக்கிறாவே."

"எனக்கொரு சேட்டுத் தைச்சா. ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. மடிச்சு விட்டா ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லுறா."

ஓட்றி பழத்தை வாயில் வைத்தபடி சிரித்து, புரைக்கேறி, றெக்ஸ் அவளுடைய முதுகில் தட்டவேண்டி வந்தது.

சில்லு ஆறியதும் மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பினார்கள். வந்த கையோடு றெக்ஸ் சாப்பிட்டு, உடுப்பு மாற்றி, ஜக் வைத்துக் காரைத் தூக்கினான். இடச்சில்லைச் சுற்றினான். அது ஒரு குற்றமும் அறியாத மாதிரிச் சுற்றியது.

"பார் இத! அங்க பிடிச்சுது, இஞ்ச பிடிக்கல்ல. ஒண்டும் விளங்குதில்ல."

ஓட்றி படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "சூட்டோட பிடிச்சாத்தானே விளங்கும். ஆறின பொறகு பாத்தா அது எப்பிடிக் காட்டும்? நாளைக்கு ஜக், நட்டுச்சாவி எல்லாத்தையும் இஞ்ச எடுத்து வெச்சிட்டுப் போவம். ஓடிட்டு நேரா வந்து நிப்பாட்டினதும் தூக்குங்க. சாப்பாடு, உடுப்பு ஒண்டும் வேணாம்."

றெக்ஸ் சுற்றிய சில்லைக் கையால் நிறுத்தினான். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, தோன்றியது யாருக்காக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்த பிறகு அப்படியே செய்தார்கள். வளவில் மணலுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஜக், சாவிகள், ஒரு வெற்றுப் போத்தல், கண்ணாடிபோன்ற சின்ன ரியூப் துண்டு எல்லாம் வரிசையாக வைத்தான். காரைத் தாங்குவதற்கு இரண்டு பாலைமரக் குற்றி. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கை வைக்கிறவன் இல்லை றெக்ஸ். பிறகு வயல்றோட்டுக்குப் போய்த் திரும்பினார்கள். திரும்பும் முன்பே மணம் கிளம்பிவிட்டது.

"வருது, வருது!" என்றாள் ஓட்றி, நல்ல செய்தி வந்த மாதிரி.

வளவுக்குள் வந்து நின்றதும் பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கால் தூக்கி, குற்றியைக் கொடுத்தான். முன் இடச்சில்லை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. கொஞ்சம் வெக்கை தணிந்ததும் சில்லை எடுத்தான். டிஸ்க்கைச் சாக்கால் பிடித்துத் திருகினாலும் அதே கதைதான்.

"இப்ப சொல்லுங்க, என்ன அது?" ஓட்றி பக்கத்தில் குந்தினாள்.

"நீ பெடலை அமத்தக்குள்ள ஒயில் வந்து இந்தப் பிஸ்டனத் தள்ளும். விட்டா ஒயில் திரும்பிப் போகணும். ஒண்டில் பிஸ்டன் ஈரம் பட்டுக் கறள் பிடிச்சு இறுகி நிக்குது. இல்லாட்டி ஒயில் திரும்பிப் போகாம நிக்குது."

"எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"இந்த நிப்பிளத் திறந்தா தெரியும்."

ஒயிலை வெளியே விடும் அந்த நிப்பிளில் ரியூபை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விட்டு, சாவியால் அரைச்சுற்றுத் தளர்த்தினான். ஒயில் பீறிக்கொண்டு போத்தலுக்குள் பாய்ந்தது. அதே நேரம் அவனுடைய மற்றக் கையில் இருந்த டிஸ்க் இளகி உருண்டது.

"கறள் இல்ல," என்றான். குரல் தானாகவே உயர்ந்தது. "கறளெண்டா ஒயில் போனாலும் இறுகித்தான் நிக்கும். ஒயில்தான் உள்ள அடைபட்டுக் கிடக்கு. எங்க அடைபட்டிரிக்கு எண்டதுதான் இனிக் கேள்வி. மேல பம்பிலயா, வழியிலயா?"

நிப்பிளை இறுக்கிவிட்டு அவளைப் பெடலை அமத்தச் சொன்னான். நாலைந்து தரம் அமத்தி விட்டதும் டிஸ்க் மறுபடியும் இறுகியது. இப்போது அவன் சாவியை எடுத்து, மேலே இரும்புக் குழாயும் றப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்தினான். பம்பில் அடைப்பு என்றால் ஒயில் இந்த இடத்தால் வெளியேறி, டிஸ்க் இளக வேண்டும். கொஞ்சம் ஒயில் கசிந்து சொட்டியது. டிஸ்க்கைத் திருகினான்.

அசையவில்லை.

றெக்ஸ் குதிக்காலில் உட்கார்ந்து அந்த ஹோஸைப் பார்த்தான். ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் கூட இருக்கும். கறுப்பாக, மினுமினுவென்று, வெடிப்போ வீக்கமோ இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு தரமும் காரைக் கழுவும்போது அதையும் துடைத்திருக்கிறான்.

"றெக்ஸ்," உள்ளேயிருந்து ஓட்றி தலையை நீட்டினாள். "மேல திறந்தீங்க, இளகல்ல. கீழ திறந்தீங்க, இளகிச்சு. நடுவில இரிக்கிறது அந்த ஹோஸ் மட்டும்தானே?"

"ஓம்."

"அப்ப அதுதான்."

அதுதான். றெக்ஸ் உரத்துச் சிரித்தான். ஒரு கதவு பொருந்தாமல் நாள்முழுக்கச் சீவிச் சீவி, கடைசியில் சட்டென்று போய் உட்காரும்போது வரும் சிரிப்பு அது.

திங்கட்கிழமை அந்த ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போனான். உதிரிப்பாகக் கடை வைத்திருந்த றிஸ்லான் பழைய ஹோஸைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தான்.

"ரெண்டு பக்கத்துக்கும் எடுங்க அண்ணன். மற்றதும் இதோட பொறந்ததுதானே. இன்னும் கொஞ்ச நாளில அதுவும் இந்த வேலையக் காட்டும்."

அது நியாயமாகப் பட்டது. இரண்டு ஹோஸும் புது ஒயில் போத்தலும் வாங்கிவந்து பின்னேரமே பூட்டினான். இனி உள்ளே போன எயாரை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஓட்றி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"அமத்து."

"அமத்திட்டன்."

"பிடி."

"பிடிச்சிரிக்கிறன்."

ரியூபில் காற்றுக்குமிழ்கள் மணிகோத்த மாதிரிப் போயின. நிப்பிளை இறுக்கினான்.

"விடு."

தூரத்துப் பின்சில்லில் தொடங்கி ஒவ்வொரு சில்லாக வந்தார்கள். அவன் கீழே, அவள் மேலே. ஒருவரை ஒருவர் காண முடியாது, குரல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுடைய கால் சரியாக அமத்தத் தொடங்கிவிட்டது. கடைசிச் சில்லில் குமிழ் இன்னும் வருகிறதா என்று றெக்ஸ் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான்.

"றெக்ஸ், கால் நோகுது!"

"ஐயோ, விடு விடு."

"இப்ப பெடல் உசத்தியில நிக்குது. முந்தி இப்பிடி இருக்கல்ல," என்றாள் அவள். அந்தக் காலுக்கு இனி மறுபேச்சு இல்லை.

ஒயிலை நிரப்பி மூடிவிட்டு, பழைய ஹோஸை உளியால் பாதி வரைக்கும் நீளவாக்கில் பிளந்தான். வெளியே அவ்வளவு நல்லாயிருந்தது உள்ளே ஊதிப்போய், வழி அடைந்து கிடந்தது. ஓட்றி தையல் ஊசி ஒன்றைக் கொண்டுவந்தாள். மிச்சமாக விட்டிருந்த முழுத்துண்டில் மேல்பக்கத்தால் தள்ளினால் போயிற்று. கீழ்ப்பக்கத்தால் தள்ளினால் உரிந்து தொங்கிய றப்பர் தடுத்தது.

"போகக்குள்ள கால் தள்ளுது, போயிருது," என்றான் றெக்ஸ். "திரும்பி வரக்குள்ள தள்ள ஆளில்ல. பாட் உரசி உரசிச் சூடேறும்; சூடேற ஏற இன்னும் இறுகும்."

"அப்ப உங்களுக்கு ஏன் காட்டல்ல?"

றெக்ஸ் உளியைத் துணியில் துடைத்தான். "நான் எங்க போறன்? மரக்காலைக்கும் கோயிலுக்கும். சூடேற முந்தி வீட்ட வந்திருவன். தூரம் ஓடுறது நீதானே."

அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. முதலில் வளவுக்குள்ளேயே முன்னும் பின்னும் உருட்டி, பிரேக் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு ஒழுங்கைக்குள். பிறகு பாலம் தாண்டி வயல்றோட்டு. ஓட்றி ஸ்டியறிங்கில் விரல் நுனியை மட்டும் வைத்திருந்தாள். கார் அதுபாட்டுக்கு நேரே போயிற்று. நிறுத்தி, இரண்டு பேருமே இறங்கி ஆளுக்கொரு பக்கமாகச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். முன்சில்லு இரண்டும் ஒரே இளஞ்சூடு.

"திருப்பவா?" என்றாள் ஓட்றி.

றெக்ஸ் முன்னால் கிடந்த றோட்டைப் பார்த்தான். கொட்டிலில் யாருடையதோ ஜன்னல் சட்டம் காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று பட்டது.

"இன்னும் கொஞ்சம் போவம். உன்னிச்சைக் குளம் வரைக்கும் போனா என்ன?"

போனார்கள். குளக்கட்டில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. தோணியிலிருந்து அப்போதுதான் இறக்கிய குளத்து மீனில் ஒரு கோர்வை வாங்கி, வாழையிலையில் சுற்றிப் பின்னால் வைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அதைப் பொரிப்பதா, புளி விட்டுக் குழம்பாய் ஆணம் வைப்பதா என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். பாலத்தடிக்கு வரும்போது, பாதியைப் பொரித்துப் பாதியை ஆணம் வைப்பது என்று முடிவாயிற்று.